மட்டையை விட்ட அத்தான் எழுதுவது

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம், வீடு நலம், என் இடுப்பு மட்டும் நலமில்லை. அங்கே நீயும் உன் மனைவியும் உன் கோல்ஃப் பையும் நலமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் செய்தால் உன் மனைவி எடுத்து, "குளிச்சிட்டிருக்காரு அண்ணா" என்கிறாள். காலையில் கேட்டாலும் குளியல், சாயங்காலம் கேட்டாலும் குளியல். இத்தனை குளித்தால் சோப்போடு சேர்ந்து மனுஷனும் தேய்ந்து போகமாட்டானா? சரி, உன் பல் கிளினிக்கில் பிடிக்கலாம் என்று வந்தால், எவனோ ஒருத்தன் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறான், நீ அதற்குள்ளிருந்து தலையை எடுக்கவே மாட்டேன் என்கிறாய். இதற்கெல்லாம் மேலே, நேற்று உன் அக்கா சொன்ன சேதி என்னைக் கலக்கிவிட்டது. மட்டைகளை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடப் போகிறாயாம். மாப்பிள்ளை, கொடுக்காதே. நீ ஆட்டத்தை விட்டதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நாம் இருவரும் தலை நரைத்த பிறகு இந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள். ஒழுங்காக யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நாமும் யாரையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். பந்து புதருக்குள் போனால் சிரிப்பு, குளத்துக்குள் போனால் இன்னும் பெரிய சிரிப்பு. அதிலும் நீ ஆடுகிற அழகே தனி. முந்தின நாள் வந்த நோயாளியின் கதையைச் சொல்லிக்கொண்டே பந்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பாய். "அந்தம்மா என்ன சொல்றாங்க தெரியுமா அத்தான், டாக்டர், வலிக்கிற பல்லை விட்டுடுங்க..." என்று பாதியில் நிறுத்தி ஒரு வீசு வீசுவாய். பந்து மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, "பக்கத்துப் பல்லைப் பிடுங்குங்க, அது சும்மாதானே இருக்குங்கிறாங்க" என்று மீதியை முடிப்பாய். கதையும் முடியும், பந்தும் புல்லில் போய் உட்காரும். அதைப் பார்ப்பதற்கென்றே நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன். அன்றைக்கெல்லாம் இதை உன்னிடம் சொன்னதில்லை.

எல்லாம் கெட்டது நான் அடித்த ஒரு நல்ல அடியால். உனக்கு நினைவிருக்கும், குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குழி. எப்போதும் பந்தைத் தண்ணீருக்குக் காணிக்கை கொடுக்கிறவன் நான், அன்றைக்கு அடித்த அடி குளத்தைத் தாண்டி, குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. நீ ஓடிவந்து கட்டிப்பிடித்தாய். நானும் சந்தோஷப்பட்டு, வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கலாம். ஆனால் என் புத்தி எங்கே போகும்? பம்பு கம்பெனியில் காலமெல்லாம் தரம் பார்த்தவன். கைக்கு வந்த பம்பில் குறை இல்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது. அந்த அடி ஏன் அப்படிப் போனது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். நன்றாக ஓடுகிற பம்பைக் கம்பெனியில் யாரும் கழற்றிப் பார்க்க மாட்டோம். இது தெரிந்த நானே என்னைக் கழற்றினேன்.

அதன் பிறகு நம் வீட்டில் நடந்த கூத்து உனக்கு முழுதாகத் தெரியாது. உன் அக்காவிடம் போனைக் கொடுத்து என்னை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுக்கச் சொன்னேன், அவள் எடுத்ததில் எல்லாம் என் தொப்பைதான் நடுநாயகமாக இருந்தது, கேட்டால், "இருக்கிறதைத்தானே எடுக்க முடியும்" என்றாள், சரி என்று பீரோ கண்ணாடி முன்னால் நின்று, மட்டைக்குப் பதிலாகக் குடையை வைத்து வீசினேன், அது நடுவில் விரிந்து டியூப் லைட்டை உடைத்தது, சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் ஓடிவர, நான் இடது காலை அசைக்கக் கூடாது என்று அப்படியே நின்றபடி, "ஒண்ணுமில்ல சார், தோள் சரியாத் திரும்புதான்னு பாக்கிறேன்" என்றேன், அவர் உன் அக்காவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு நாள், முழங்கை உடம்பை விட்டு விலகக் கூடாது என்று கக்கத்தில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். கூரியர்காரர் வந்து கையெழுத்துக் கேட்டபோது கையைத் தூக்கினால் துண்டு விழுந்துவிடுமே என்று, பேனாவை இடது கையில் வாங்கிக் கிறுக்கினேன். "கை எப்பலருந்து இப்படி இருக்கு சார்?" என்று அந்த மனுஷன் அக்கறையாக விசாரித்தார்.

உன் அக்கா அப்போதே சொன்னாள். "பந்து அடிக்கப் போறீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்ணப் போறீங்களா?" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்டம் நாளுக்கு நாள் மோசமானது. மோசமானால் குறை இருக்கிறது என்றுதானே அர்த்தம், இன்னும் ஆழமாகத் தேடினேன்.

கடைசியில் கோச்சிடம் போனேன். நீயும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாய். அவர் என் பிடியைப் பார்த்துவிட்டு, "ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க. விடுங்க சார், விட்டு அடிங்க" என்றார். விடு என்றால் எதை விடுவது? மூச்சையா, தோளையா, இடுப்பையா? விடுவதென்றால் மேலே போகும்போதா, கீழே வரும்போதா? வரிசையாகக் கேட்டேன். அவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, எல்லாத்தையும் விடுங்க சார்!" என்று கத்தினார். சொன்ன பேச்சைக் கேட்கிறவன் நான், எல்லாவற்றையும் விட்டேன். மட்டை என் கையிலிருந்து கிளம்பி, சுழன்று சுழன்று போய், குளத்தங்கரை மரத்தின் உச்சிக் கிளையில் மாட்டிக்கொண்டது. என் வாழ்க்கையிலேயே நேராகவும் தூரமாகவும் போனது அந்த மட்டைதான். பந்து காலடியிலேயே இருந்தது.

நீ சிரித்தாய். புல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். சிரிக்க வேண்டிய காட்சிதான், வேறு யாராவதாக இருந்தால் நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு நீ நோயாளி கதையோடு பந்துக்குப் பக்கத்தில் வந்தபோது, வேண்டுமென்றே கேட்டேன். "மாப்ளே, அடிக்கிறப்ப உன் வலது முழங்கை எங்க இருக்குன்னு என்னைக்காவது கவனிச்சிருக்கியா?" என்றேன். நீ "ம்" என்றாய். அவ்வளவுதான் கேட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதோடு நிறுத்தவில்லை. முழங்கை முடிந்து மணிக்கட்டு, மணிக்கட்டு முடிந்து முழங்கால் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்றை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு உன் ஆட்டம் உட்கார்ந்துவிட்டது. பந்துக்கு முன்னால் நின்று குனிகிறாய், நிமிர்கிறாய், தலையை ஏற்றுகிறாய், இறக்குகிறாய். அடித்தால் பந்துக்குப் பக்கத்து மண் பறக்கிறது. எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது, கதை நின்றுபோனதுதான். கடைசி ஞாயிறு, காலால் தட்டினாலே விழுகிற தூரத்தில் குழி, நீ தவறவிட்டாய். பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "போதும் அத்தான்" என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பின்னாலேயே ஓடிவந்து, கார் கண்ணாடியைத் தட்டி, "தோளைத் திருப்பிட்டே மாப்ளே, அதான்" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இப்போது தனியாகத்தான் போகிறேன். போன வாரம் முதல் பந்துக்கு முன்னால் நின்று, எதை இறுக்குவது, எதைத் தளர்த்துவது என்று யோசித்தபடியே இருந்ததில், பின்னால் காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாக, "சார், உடம்புக்கு ஒண்ணுமில்லயே?" என்றார். அடிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். என் ஆட்டம் போனால் போகட்டும் மாப்பிள்ளை. யோசிக்காமல் சந்தோஷமாக இருந்த ஒரு மனுஷனை யோசிக்க வைத்துக் கெடுத்துவிட்டேனே, அதுதான் மனசை அறுக்கிறது. நீ வந்தால் போதும், நான் வாயே திறக்க மாட்டேன். உன் பையை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வருகிறேன். பாதிக் கதையோடு நீ ஒரு முறை மட்டையை வீசினால் எனக்கு அது போதும்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. நீ அடிக்கிற பந்தெல்லாம் போக வேண்டிய இடத்துக்கே போகட்டும்.

இப்படிக்கு,
உன்னைக் கெடுத்த அத்தான்

பி.கு.: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் நீயே போன் செய்தாய். "கண்ணாடி மாத்திட்டேன் அத்தான். பழசுல குனிஞ்சா பந்து ரெண்டா தெரிஞ்சுது. கண்ணு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா எவன் என்கிட்ட வந்து பல்லைக் காட்டுவான்? அதான் யார்கிட்டயும் பேசாம இருந்தேன். ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாய். எனக்கு உயிர் வந்தது. அப்போ அந்த முழங்கை விஷயம், என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எந்த முழங்கை? நாள் பூரா நோயாளிங்க ஆ, ஊன்னு பேசுறதுக்கு ம் போட்டே பழகிடுச்சு அத்தான். நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை என் காதுல ஏறினதில்ல, சத்தியமா!" என்றாய்.

என் பேச்சைத்தான் நீ கேட்கவில்லை, எழுத்தையாவது படிப்பாய் என்று இதை அனுப்புகிறேன். ஆனால் போனை வைத்ததிலிருந்து ஒரே யோசனை. நான் சொன்னதை உன் அக்கா கேட்கவில்லை, நீ கேட்கவில்லை. அப்படியானால் என் யோசனைகளை ஒன்றுவிடாமல் கேட்டு ஆட்டத்தைத் தொலைத்தவன் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தன்தான். அவனுக்கு யாரப்பா மன்னிப்புக் கடிதம் எழுதுவது?