இவன்தான் இப்ப சாவான் பாரு

பாப்கார்ன் பொட்டலத்தின் வாயை இரண்டு மடிப்பாக மடித்து மடியில் வைத்தால், சிவசங்கர் தன் வாயைத் திறக்கப்போகிறார் என்று அர்த்தம். பத்தொன்பது வருடமாக அவர் மனைவி மகாலட்சுமி கவனித்துவரும் பழக்கம் இது.

அடுத்த காட்சியை முன்கூட்டியே சொல்லிவிடும் இனத்தைச் சேர்ந்தவர் அவர். இந்த இனத்தார் படம் பார்க்க வருவதில்லை. படம் தங்கள் பேச்சைக் கேட்டு நடக்கிறதா என்று சரிபார்க்க வருகிறார்கள். கதாநாயகி கண் கலங்குமுன் ‘அழுவா பாரு’ என்பார்கள், அம்மா இருமினால் ‘இடைவேளைக்குள்ள போயிடும்’ என்பார்கள். கொலைகாரன் யாரென்று டைட்டில் ஓடும்போதே சொல்லிவிட்டு, அப்புறம் இரண்டரை மணி நேரம் நம்மை ஏன் உட்காரவைக்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா? தியேட்டரோடு விடுகிறார்களா? ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் ‘அந்தம்மா அடுத்த ஸ்டாப்புல எறங்கும்’ என்பார் சிவசங்கர். முக்கொம்பில், ‘அந்தப் பையன் வழுக்கி விழுவான்’ என்பார். விழுந்தால் தூக்கப் போகமாட்டார். ‘சொன்னேன்ல?’

சொன்னது நடந்துவிடும், அதுதான் கொடுமை. ஒரே ஒரு படத்தின் முடிவையாவது திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மகாலட்சுமிக்கு ஆசை. பெரிய ஆசை இல்லை. பத்தொன்பது வருடத்தில் ஒருமுறை.

போன ஆடியில் அந்தப் படம் வந்தது. போஸ்டரில் இரண்டு போலீஸ்காரர்கள், முதுகோடு முதுகு, கையில் துப்பாக்கி. ஜோடிப் போலீஸ் படங்களைக் கேலி செய்யும் படம் என்று கீழேயே போட்டிருந்தது. மகாலட்சுமி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். சிவசங்கர் போஸ்டர் படிப்பதில்லை. பார்த்தாலே அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. படம் தொடங்கிப் பத்தாவது நிமிடம், சின்னப் போலீஸ்காரன் பர்ஸைத் திறந்து பெரியவனிடம் தன் மனைவி போட்டோவைக் காட்டினான். பொட்டலம் மடிந்தது.

“போட்டோவக் காமிச்சுட்டான்ல? இவன்தான் இப்ப சாவான் பாரு.”

வில்லன் சுட வந்தான். போட்டோவைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பர்ஸிலிருந்து தன் மனைவி போட்டோவை எடுத்துக் காட்டினான். தியேட்டர் அதிர்ந்தது.

“என்னடா இது!” என்றார் சிவசங்கர்.

அடுத்து ஜீப் துரத்தல். “காய்கறி வண்டிய இடிச்சுத் தள்ளுவாங்க.” ஜீப் நின்றது. இரண்டு போலீஸும் இறங்கி, வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து அரைக்கிலோ வாங்கினார்கள். ஓடிக்கொண்டிருந்த வில்லன் திரும்பி வந்து, “எனக்கும் அரைக்கிலோ போடுங்க” என்றான்.

“மேலதிகாரிதான் வில்லனோட ஆளு” என்றார் சிவசங்கர், கொஞ்சம் சத்தமாக. மேலதிகாரி எழுந்து, “எல்லாருக்கும் என்மேலதான் சந்தேகம் வரும், நான் அப்பவே லீவு போட்டுட்டேன்” என்று டிபன் பாக்ஸோடு வீட்டுக்குக் கிளம்பினார்.

முன் வரிசைக் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி திரும்பினாள்.

“அங்கிள், அடுத்து என்னங்க? நீங்க சொல்லுங்க, அது மட்டும் நடக்காது.”

வரிசையே சிரித்தது. மகாலட்சுமியும் சிரித்தாள். சிரித்த பிறகுதான் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று யோசித்தாள். யோசித்துவிட்டு இன்னொரு தடவை சிரித்தாள்.

இடைவேளையில் சிவசங்கர் எழுந்தார். “வா, போலாம். லாஜிக்கே இல்ல. இதெல்லாம் ஒரு படமா?”

அவர் எழுந்தால் அவளும் எழுவாள். பல படங்களின் பின்பாதி அப்படித்தான் போனது. இந்தத் தடவை அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க போங்க. நான் முழுசாப் பாத்துட்டு வரேன்.”

“தனியாவா? எப்படி வருவ?”

“பஸ்ஸு இருக்குங்க.”

“முடிவுதானே வேணும்? இப்பவே சொல்றேன், கேட்டுக்க. கடைசியில அந்தச் சின்னவன்…”

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கல்லூரிப் பெண்கள் கை தட்டினார்கள். சிவசங்கர் வெளியே போனார்.

பின்பாதி முழுக்க மகாலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் சிரிப்பு இத்தனை சத்தம் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. கடைசிக் காட்சி வந்தபோது, அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் துளியும் தெரியவில்லை. அந்தத் தெரியாமை அத்தனை இனிப்பாக இருந்தது.

மன்னார்புரத்தில் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார் சிவசங்கர். செருப்பைக்கூட அவள் கழற்றவில்லை.

“அந்தப் போட்டோக்காரன் பொழச்சானா?”

“படம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. போய்ப் பாருங்க.”

“சும்மா ஒரு வார்த்த சொல்லேன்.”

“சொல்லிட்டா என்ன சுவாரசியங்க?”

பக்கத்துக் கடை பீமராவிடமும் அவர் கேட்டுப் பார்த்தார். பீமராவ் பார்க்கவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள், மகாலட்சுமி எழுந்து போகமாட்டாள் என்று இடைவேளையிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையா? மனதுக்குள் வைத்துக்கொண்டீர்களானால் பரவாயில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியிருந்தால், அவர் முகத்தை ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் தியேட்டரை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. போனிலேயே வந்துவிட்டது, சிவசங்கர் பார்க்கவில்லை, பார்த்தால் தோற்றதாகிவிடும். மகாலட்சுமி சொல்லவில்லை. அவருக்கு இன்னும் முடிவு தெரியாது.