கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்

கம்ப்யூட்டர் வாங்கியவரை உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும். வாங்காதவரையும் தெரியும், மாலையில் காலாற நடப்பார், பெண்டாட்டி பிள்ளைகளோடு பேசுவார், படுத்த உடனே தூங்கிப்போவார். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர். அதிலும் குறைந்த செலவில், விளையாட்டெல்லாம் ஓடுகிற மாதிரி, ஒவ்வொரு பாகத்தையும் தானே பொறுக்கியெடுத்து வாங்கப் போகிறவர். இவரைக் கண்டுபிடிக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். "என்ன, வாங்கிட்டீங்களா?" என்று கேளுங்கள். "பாத்துட்டிருக்கேன்" என்பார். எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வேறு வேலை இருக்கும்.

இந்த இனத்துக்கு உத்தமமான உதாரணம் அந்தக் கண்ணாடிக் கடைக்காரர். கடை அவருடையது அல்ல. கடையின் பின்பக்கத்துச் சின்ன இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கண் பரிசோதிக்கும் வேலை அவருடையது. சுவரில் எழுத்துப் பலகை, எதிரே ஒரு சாய்வு நாற்காலி, பக்கத்தில் வட்ட வட்டமாகக் கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய பெட்டி. "இது தெளிவா இருக்கா? இப்ப மாத்தறேன். இது தெளிவா?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பார். நாற்காலியில் இருப்பவர் கொஞ்சம் தயங்கினால் போதும், இவருக்குப் பொறுக்காது. "சட்டுனு சொல்லுங்க. யோசிச்சா குழம்பிடும்" என்பார். எவ்வளவு நல்ல அறிவுரை! அதைத் தனக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவருக்கு ஒரே மகள். பதினோரு வயதில் ஒரு சனிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே வந்து, "அப்பா, எனக்கு கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேணும்" என்றாள்.

"அதுக்கென்ன பாப்பா, வாங்கிடலாம்" என்றார் தகப்பனார். சொன்ன கையோடு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கோடு போட்டு, மேலே "பட்டியல் 1" என்று எழுதினார்.

அந்த "1" தான் வினை. ஒன்று என்று போட்டால் இரண்டு வந்துதானே தீரும்?

பட்டியல் எப்படி வளர்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முதலில் சுமாரான ஒரு கிராபிக்ஸ் கார்டு எழுதுவார். எழுதிய உடனே, இன்னும் கொஞ்சம் போட்டால் இதைவிட நல்ல கார்டே கிடைக்கிறதே என்று கண்ணில் படும். நல்ல கார்டைப் போட்டால் அதற்குத் தீனி போட இந்தப் பவர் சப்ளை போதாது என்று தெரியவரும். பவர் சப்ளையைப் பெரிதாக்கினால் அது கேபினட்டுக்குள் நுழையாது. கேபினட்டைப் பெரிதாக்கினால், அவ்வளவு பெரிய பெட்டிக்குள் அந்தக் குட்டி மதர்போர்டு கல்யாண மண்டபத்தில் ஒற்றை ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். மதர்போர்டை மாற்றினால் பழைய மெமரி பொருந்தாது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். சரி, எதையாவது குறைப்போம் என்று யோசித்து, கடைசியில் குறைப்பது எதை? கிராபிக்ஸ் கார்டை. சுமாரானதே போதும் என்று. ஆக, பட்டியல் 8 என்பது பட்டியல் 1 தான். ஆனால் நடுவில் மூன்று மாதம் போயிருக்கும்.

இதற்கிடையில் "அடுத்த மாசம் புதுசு வருதாம்" என்ற செய்தி வேறு. புதுசு வரும். வந்தால் பழசு விலை குறையும் என்று காத்திருப்பார். பழசு விலை குறையாமல் கடையிலிருந்தே காணாமல் போகும். அதற்குள் இன்னொரு புதுசு வருதாம்.

அவருடைய சகலை இந்தச் சங்கதி எதுவும் தெரியாத அப்பாவி. ஒருநாள் கடைத்தெருவுக்குக் குடை வாங்கப் போனவர், கால் மணி நேரத்தில் குடையோடு ஒரு கம்ப்யூட்டரையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நம்மவர் துக்கம் விசாரிக்கப் போகிற முகத்தோடு அதைப் பார்க்கப் போனார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, "ச்சு" கொட்டினார்.

"ஏன் சகலை, நல்லாத்தானே ஓடுது?"

"ஓடும் சகலை. இப்ப ஓடும். நாலு வருஷம் கழிச்சு?"

"நாலு வருஷம் கழிச்சு வேற வாங்கிக்கறேன்."

இப்படிப் பேசுகிறவரிடம் என்னத்தைச் சொல்ல? நம்மவர் எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் சகலையின் பிள்ளைகளை நினைத்து இரக்கப்பட்டார். அந்தப் பிள்ளைகளோ அதே கம்ப்யூட்டரில் கார் ஓட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் மனைவி. அந்த அம்மாள் நகரப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர்; எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவர். "என் வண்டி பத்து நிமிஷம் லேட்டானாக்கூட கிளம்பிடும்ங்க. உங்க வண்டி ஷெட்டை விட்டே வரமாட்டேங்குதே!" என்பார். நம்மவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவருக்கு ஆறுதல் சொல்ல வேறு இடம் இருந்தது.

இணையத்தில் இந்த இனத்தார் கூடுகிற குழு ஒன்று உண்டு. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நம்மவர் பெயர் பருந்துக்கண். பட்டியலைப் போட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பாகத்தைப் பிடித்து இழுப்பார்கள். அந்தக் குழுவுக்கே நாட்டாமை மாதிரி ஒருவர். எந்தப் பட்டியலைக் காட்டினாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "பவர் பத்தாது." அதனால் அவருக்குப் பெயரே பத்தாது சார் என்று ஆகிவிட்டது. நம்மவருக்கு அவர்மேல் அப்படியொரு மரியாதை. அவர் வீட்டில் எப்பேர்ப்பட்ட கம்ப்யூட்டர் இருக்கும்! விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் போடும், சுவரெல்லாம் ஏழு நிறத்தில் வெளிச்சம் அடிக்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தோராவது பட்டியலுக்கும் பத்தாது சார் "பத்தாது" என்றபோது, மகளுக்குப் பதின்மூன்று வயது ஆகிவிட்டது.

ஒரு புதன்கிழமை காலை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரிய மனிதர் கண் பரிசோதனைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. நம்மவர் வழக்கம்போல் சட்டத்தை மாட்டி, சில்லு ஒன்றைச் செருகினார்.

"இது தெளிவா இருக்கா சார்?"

"இருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் பவர் கூட்டினா?"

கூட்டினார்.

"இப்ப?"

"பவர் பத்தாது."

இன்னும் கூட்டினார். அந்த அளவுக்குக் கூட்டினால் எறும்பு எருமை மாதிரி தெரியும்.

"பத்தாது. ஏன் தம்பி, அடுத்த மாசம் புது லென்ஸ் ஏதாவது வருதா?"

நம்மவர் கையிலிருந்த சில்லு அப்படியே நின்றது. இந்தக் குரலை அவர் கேட்டதில்லை. ஆனால் இந்த வார்த்தையை நாற்பத்தொரு தடவை படித்திருக்கிறார்.

"சார்... நீங்க... பத்தாது சாரா?"

பெரியவர் ஒரு கண் மூடிய சட்டத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க யாரு?"

"பருந்துக்கண்!"

"அட, பருந்துக்கண்ணா! அந்த நாப்பத்தொண்ணு! தப்பா நினைக்காதீங்க தம்பி, நெஜமாவே பத்தாது."

நம்மவருக்குப் புல்லரித்தது. கோயில் சந்நிதியில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, இத்தனை நாள் கேட்க நினைத்ததைக் கேட்டார். "சார், உங்ககிட்ட இருக்கறது என்ன மெஷின்?"

"எங்கிட்டயா?" பெரியவர் சட்டைப் பைத் தாளை மெதுவாகத் தடவிக்கொடுத்தார். "இன்னும் வாங்கலை. பாத்துட்டிருக்கேன்."

"எவ்வளவு நாளா?"

"பையன் எட்டாவது படிக்கறப்ப கேட்டான். அப்ப ஆரம்பிச்சது."

"இப்ப பையன் என்ன படிக்கிறார்?"

"அவன் எங்க படிக்கிறான்? போன மாசம் அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கு. சரி, பேரனுக்காவது ஆகட்டுமேன்னு நேத்துதான் பட்டியலை முதல்லேருந்து புதுசா ஆரம்பிச்சேன்."

நம்மவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். இருட்டறைச் சுவரில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துவரை இறங்கிக்கொண்டே போகும் பலகை. அதன் அடிவரியில் தானே பொடி எழுத்தாக நிற்பதுபோல் ஒரு தோற்றம். பக்கத்தில் பேரப்பிள்ளை.

பெரியவருக்கு என்ன பவர் எழுதிக் கொடுத்தார் என்று அவருக்கே நினைவில்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே பேருந்து நிலையத்துக்கு ஓடினார். அறிவிப்பு அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, மூச்சிரைக்க, "இன்னிக்கே வாங்கறோம்! இன்னிக்கே! எதுவா இருந்தாலும் சரி!" என்றார்.

மனைவி உதட்டின்மேல் விரலை வைத்து, மேசையில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைக் காட்டினார்.

"என்னது?"

"மைக்கு."

வெளியே எட்டு மேடைகளிலும் நின்றிருந்த ஜனம் நிமிர்ந்து கூரையைப் பார்த்தது. மூன்றாம் மேடையில் ஒரு மூட்டைக்காரர் மட்டும் "வாங்குங்க, வாங்குங்க" என்று சத்தமாக ஆசீர்வதித்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளையும் கூட்டிக்கொண்டு மூவருமாகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். கடைக்காரருக்கு நம்மவரை நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாக வாரம் ஒருமுறை வந்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் படித்துவிட்டு அதே இடத்தில் ஒழுங்காகத் திருப்பி வைக்கிறவர். கடையில் தூசி தங்காததற்கு அவர் ஒரு காரணம். நம்மவர் நாற்பத்தோராவது பட்டியலை எடுத்து நீட்டினார். கடைக்காரர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"சார், இந்தக் கார்டு வர்றது நின்னு ஒரு வருஷம் ஆகுது. இந்த போர்டை நானே கண்ணால பாத்ததில்லை. கேபினட் இருக்கு. வெறும் கேபினட் தரட்டுமா?"

"அப்ப இதுக்குப் பதிலா எது..." நம்மவர் கை தானாகவே போனைத் தேடியது. மனைவி அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

"அதை விடுங்க சார். என்ன கேம் விளையாடணும்? அதைச் சொல்லுங்க, நான் பாத்துத் தரேன்" என்றார் கடைக்காரர்.

நம்மவர் மகளைப் பார்த்தார்.

"ஆடு மேய்க்கிற கேம்" என்றாள் மகள்.

"என்னது?"

"ஒரு மலை இருக்கும்ப்பா. நாப்பது ஆடு இருக்கும். மேய்ச்சுட்டு வந்து சாயங்காலம் பட்டியில அடைக்கணும். அவ்வளவுதான்."

கடைக்காரர் தன் மேசையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு, சாவு வீட்டில் பேசுகிற குரலில், "சார், இது இந்த பில் போடற மெஷின்லயே ஓடும்" என்றார்.

நம்மவர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "ஏன் பாப்பா, இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது. இரண்டு வருஷத்தில் முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார். உணவு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சோறு தின்கிற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

கடைக்காரர் மூலையிலிருந்த ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரைக் காட்டினார். விலையைச் சொன்னார். பட்டியல் 1-இல் பாதிகூட இல்லை.

"அதுல இன்னும் கொஞ்சம் போட்டா..." என்று ஆரம்பித்தார் நம்மவர்.

"போதும்!" என்று மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன. மூன்றாவது, கடைக்காரருடையது. வியாபாரியே போதும் என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

அன்று ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் ஆடுகள் மேய ஆரம்பித்துவிட்டன. மகள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்களும் வாங்கப்பா" என்றாள். தகப்பனாருக்கு ஒரு கைத்தடியும் தொப்பியும் கொடுத்து மலைமேல் ஏற்றிவிட்டாள். நாற்பது ஆடுகளுக்கும் பெயர் வைத்திருந்தாள். இரண்டு வருஷமாக யோசித்து வைத்த பெயர்கள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். லென்ஸில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"அப்பா, வேலி போடணும். அந்தக் கடையில போய் வாங்கிட்டு வாங்க."

விளையாட்டுக்குள் ஒரு கடை. கடைக்குள் இரண்டு வகை வேலி: மரவேலி, கம்பிவேலி. நம்மவர் உள்ளே போனார். மரவேலி சீக்கிரம் கட்டலாம், மழைக்குத் தாங்காது. கம்பிவேலி மழைக்குத் தாங்கும், ஆட்டுக்கு ரோமம் சிக்கும். மரவேலிக்கே சாயம் பூசினால் மழைக்குத் தாங்குமாம்...

"அப்பா."

"ஒரு நிமிஷம் பாப்பா. கம்பிவேலியில ரெண்டு தினுசு போட்டிருக்கான்."

"அப்பா, ஆடெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிடுச்சு."

அடுப்படியிலிருந்து மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. மகள் தகப்பனார் கையிலிருந்து மவுஸை வாங்கி, எதையோ ஒன்றைத் தட்டி வாங்கிக்கொண்டு, ஆடுகளைத் திருப்ப ஓடினாள்.

நல்லது. இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். உங்களுக்கு விளையாட்டும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், எதையும் சட்டென்று முடிவு செய்கிற ஆள் நீங்கள், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் போனில் ஒரே செருப்பு ஏழு நிறத்தில் ஏழு பக்கமாகத் திறந்து கிடக்கிறதே, அது யாரோ தெரியாமல் கைபட்டுத் திறந்ததாக இருக்கும். அது போகட்டும். இதைவிட நல்ல கதை வேறு ஏதாவது இருக்குமோ என்று முன்னும் பின்னும் நாலு தடவை புரட்டிப் பார்த்த பிறகுதானே இதைப் படிக்கவே உட்கார்ந்தீர்கள்?