தராசு ஆள் எடுத்த கதை

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுகிறவர்கள் என்று உலகத்தில் ஒரு தனி இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாடகைக்கு வீடு கேட்டு யாராவது வந்தால், வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடுவார்கள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனால், கைகுலுக்கிய அழுத்தத்திலேயே அடுத்த முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையைக் கணித்துவிடுவார்கள். டாக்டர் இவர்களுடைய நாடியைப் பிடிப்பதற்குள் இவர்கள் டாக்டருடைய நாடியைப் பிடித்துவிடுவார்கள். விசாரிப்பது, காது கொடுத்துக் கேட்பது, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பது போன்ற அற்பக் காரியங்களெல்லாம் நம்மைப் போன்ற மந்தபுத்திக்காரர்களுக்கு. அவர்களுக்கு ஒரு பார்வை போதும். தப்பாகப் போனால்? ஆள்தான் தப்பு. பார்வை ஒருநாளும் தப்பாது.

எங்கள் கூடைப்பந்து கிளப்பின் செயலாளர் இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத அசல். தொழில் கண்ணாடிக்கடை. நாள் முழுக்க மற்றவர்களுடைய பார்வையைத் திருத்துகிறவர். தன்னுடையதைத் திருத்த அவசியமே ஏற்படவில்லை என்பது அவர் எண்ணம். "நான் மனுஷத் தராசுய்யா! நிக்க வச்சா எடை சொல்லிடுவேன்" என்று அவரே ஒருமுறை மேடையில் சொல்லிவிட, அன்றிலிருந்து அவருக்குத் தராசு என்று பெயர் நிலைத்துவிட்டது. பெண்கள் கேலியாகத்தான் சொன்னார்கள். அவர் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

பெண்கள் என்றேன் அல்லவா? எங்களுடையது பெண்கள் அணி. எட்டு அணிகள் ஆடும் முதல் பிரிவில் ஆறாவது, ஏழாவது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது. எட்டாவதாக வந்தால் கீழ்ப்பிரிவு. கீழ்ப்பிரிவுக்குப் போனால் உள்ளரங்கம் கிடைக்காது. இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் கேப்டன் பேக்கரியில் அடுப்படி வேலை பார்ப்பவள். விடியுமுன் போனால் மதியம் வரை வெக்கை, வீட்டுக்கு வந்தால் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள். செவ்வாயும் வியாழனும் அந்த அரங்கத்தில் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தைப் பற்றி அவள் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "அந்த ரெண்டு மணி நேரம்தான்ணே என்கிட்ட யாரும் எதையும் தேடித் தரச் சொல்ல மாட்டாங்க." நான் மேஜையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறவன். என்னிடம் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்வார்கள். அதைத்தான் இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் எங்கள் அணியில் ஓர் ஓட்டை விழுந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு எதிராளிக் கூட்டத்துக்கு நடுவே புகுந்து, யாருக்கு எப்போது கொடுக்கலாம் என்று முடிவு செய்கிற இடம் ஒன்று உண்டு, பாயின்ட் கார்ட் என்பார்கள். அதில் ஆடியவள் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் போனதும் அணியே திசை தெரியாத கூட்டம் மாதிரி ஆனது. பந்து பாதி மைதானத்தைத் தாண்டுவதற்குள் மூன்று கை மாறி நான்காவதாக எதிராளி கைக்குப் போகும். நல்ல வேளையாக, அதே சமயத்தில் பக்கத்து வட்டாரத்தில் ஒரு கிளப்பை இழுத்து மூடினார்கள். அதில் ஆடியவர்கள் இனி யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. எந்த அணி கூப்பிட்டாலும் போகலாம். திங்கட்கிழமைக்குள் பெயரைப் பதிவு செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கேப்டன் நேரே கண்ணாடிக்கடைக்குப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"சார், நமக்குப் பந்தைக் கொண்டுபோக ஆள் வேணும். அந்த மூடின கிளப்புல ஒரு அக்கா இருக்காங்க, லிஃப்ட் மெக்கானிக். எட்டு வருஷமா அந்த இடத்துலதான் ஆடுறாங்க. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். நீங்க வந்து ஒரு தடவை..."

"கூடைப்பந்துன்னா என்னம்மா?" என்றார் தராசு, ஒரு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

கேப்டன் பதினான்கு வருடமாக ஆடுகிறவள். பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"உயரம்!" என்றார் தராசு. "கூடை எங்க இருக்கு? மேல. அப்ப ஆள் எங்க இருக்கணும்?"

"அதானே!" என்றார் பக்கத்தில் இருந்த மச்சான். தராசின் மனைவியுடைய தம்பி. தேர்வுக் குழுவில் தராசைத் தவிர இருக்கிற ஒரே உறுப்பினர். அவருடைய கருத்து இந்த ஒரு வார்த்தைதான். எல்லாத் தீர்மானங்களுக்கும் அது போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை காலை, அன்றைக்கென்று கேட்டு வாங்கிய அரங்கத்துக்கு லிஃப்ட் மெக்கானிக் வந்தாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். சீருடையின் முழங்கையில் கிரீஸ். முப்பத்தைந்து வயதிருக்கும், நடுத்தர உயரத்துக்கும் ஒரு விரல் குறைவு. உடை மாற்றிக்கொண்டு வந்ததும் பந்தைத் தொடவில்லை. ஒவ்வொருத்தியிடமும் போய்ப் பெயர் கேட்டாள், பிறகு "உனக்குப் பந்து எந்தக் கைக்கு வந்தா வசதி?" என்று கேட்டாள். பதினான்கு வருடத்தில் எங்கள் பெண்களை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை.

அந்த நேரத்தில் தராசு உள்ளே நுழைந்தார். பார்த்தார். அந்த ஒரு பார்வை.

"இவ்வளவுதானா உயரம்?"

"காலைல எந்திரிச்சப்பவும் இவ்வளவுதான் சார் இருந்தேன்" என்றாள் அவள்.

"பசங்க இருக்காங்களா?"

"மூணு பேர்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"வீட்ல நான்தான் சொல்வேன்."

தராசுக்கு முகம் சுண்டிவிட்டது. கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனவர், கண்ணாடிச் சட்டங்களை ஏற்றி வந்த வண்டி எங்கே நிற்கிறது என்று யாரிடமோ நாற்பது நிமிடம் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே அந்த நாற்பது நிமிடமும் என்ன நடந்தது தெரியுமா? பந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. வேறு எப்படிச் சொல்ல? எங்கள் பெண்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து கையில் இருந்தது, வசதியான கையில். கேப்டன் சிரித்தாள்; ஆடும்போது அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. தராசு திரும்பி வந்தபோது மெக்கானிக் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லி அனுப்பறோம்மா" என்றார்.

அதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவளும் கேட்டிருந்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கைகாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஏனென்றால் தராசு ஏற்கெனவே ஆள் எடுத்துவிட்டார். வங்கியில் வரிசையில் நின்றபோது, எல்லாத் தலைகளுக்கும் மேலே ஒரு தலை தெரிந்திருக்கிறது. ஆறடி ஓரங்குலம். கல்லூரி முடித்து ஆறு மாதம் ஆன பெண்; எந்த கிளப்பிலும் இல்லை. வரிசை நகர்வதற்குள் தராசு தொலைபேசி எண்ணை வாங்கிவிட்டார். திங்கட்கிழமை பெயரும் பதிவாகிவிட்டது.

"பாத்தேன், முடிச்சேன்!" என்றார் எங்களிடம்.

"அதானே!" என்றார் மச்சான்.

அந்த நெட்டைப் பெண் நல்ல பெண். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சொன்ன நேரத்துக்கு வருவாள், சொன்னதைச் செய்ய உயிரைக் கொடுப்பாள். முதல் ஆட்டத்தில் கேப்டன் அவளுக்குப் பந்தை வீசினாள். அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, விரல் நுனிகளால் பந்தை அழகாக ஆகாயத்துக்கு அனுப்பிவைத்தாள். அரங்கமே அண்ணாந்து பார்த்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை எம்பி ஓங்கி ஓர் அறை விட்டாள். பந்து என் மேஜையில் விழுந்து ஸ்கோர் தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

இடைவேளையில் கேப்டன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ இதுக்கு முன்னாடி எங்கம்மா ஆடின?"

"காலேஜ்ல அக்கா. வாலிபால்."

"சார்கிட்ட சொல்லலையா?"

"பேங்க்லயே சொன்னேன். ஃபோன்ல ரெண்டு தடவை சொன்னேன். 'எந்த ஆட்டமா இருந்தா என்னம்மா, உயரம் உயரம்தான், நான் பாத்துக்கறேன்'னு வச்சுட்டாரு." அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "நான் போயிடட்டுமாக்கா?"

"எங்க போவ? எந்திரி" என்றாள் கேப்டன். "பந்தைப் பிடிக்கிறது எப்படின்னு காட்டறேன்."

காட்டினாள். இரண்டு மாதம், அரங்கம் திறப்பதற்கு அரை மணி முன்னால் வந்து, வெளிச்சுவரோரம் நிற்க வைத்துக் காட்டினாள். பெண் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் ஓட்டை உயரத்தில் இல்லையே! பந்தைக் கொண்டுபோகத்தானே ஆள் இல்லை? ஒன்றிரண்டைத் தவிர ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றோம். தராசு ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு வெளியே நின்று, "அவளுக்குக் குடு! அவளுக்குக் குடு!" என்று கத்தினார். கொடுப்பதற்குத்தான் ஆள் வேண்டும் என்று கேப்டன் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

கடைசி ஆட்டத்துக்கு முன் நாங்கள் ஏழாவது இடத்தில் இருந்தோம், எதிரணி எட்டாவது. ஜெயித்தால் தப்பிப்போம். அந்த எதிரணிதான் லிஃப்ட் மெக்கானிக்கைக் கடைசி நாளில் பதிவு செய்துகொண்ட அணி என்று நான் சொல்லவும் வேண்டுமா? மூன்று புள்ளியில் தோற்றோம். கடைசி நிமிடத்தில் எங்கள் கேப்டனே பந்தைக் கொண்டுபோனாள். மெக்கானிக் அதைப் பூப்பறிப்பது மாதிரி பறித்துக்கொண்டு போனாள். ஆட்டம் முடிந்ததும் இருவரும் நடு மைதானத்தில் வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்ககூட வா. இடம் இருக்கு" என்றாள் மெக்கானிக்.

"எங்க பொண்ணுங்க?"

"எத்தனை பேர் வர்றாங்களோ வரட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டம். தோல்விக்குக் காரணம் ஆராயப்பட்டது. தராசு எழுந்து, ஆட்டக்காரர்கள் உயரத்தை மதிக்கத் தவறிவிட்டதாக வருத்தத்தோடு தெரிவித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த லிஃப்ட் மெக்கானிக் இன்னிக்கு ஜெயிச்சு நிக்கறான்னா, அவளை இந்த ஊர்ல முதல்ல பாத்தது யாரு?" என்றார்.

கேப்டன் எழுந்தாள். "சார், அன்னிக்கு அவங்க ஆடினதை நீங்க பாத்தீங்களா?"

"ஆடவிட்டுப் பாத்தா யாருக்கும்மா தெரியாது? ஆடாம இருக்கும்போதே தெரியணும். அதுக்குப் பேர்தான் கண்ணு!"

கேப்டன் ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு நடந்தாள். அவள் பின்னால் ஐந்து பெண்கள் எழுந்து போனார்கள். ஆறாவதாக நெட்டைப் பெண்ணும் எழுந்தாள். வாசலில் கேப்டனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, தனக்குப் பிடித்த வாலிபாலுக்கே திரும்பிப் போனாள். இப்போது அங்கே அவள்தான் அடித்து ஆடுகிறாளாம். கேப்டனும் அந்த ஐந்து பேரும் செவ்வாய், வியாழன் மாலைகளில் வேறு அணியின் சட்டையில் அதே அரங்கத்தில் ஆடுகிறார்கள். கேப்டனுடைய இரண்டு மணி நேரம் பிழைத்தது.

கிளப்பில் மிச்சமிருந்த நாங்கள் தராசையே மறுபடியும் ஏகமனதாகச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஏன் என்று கேட்காதீர்கள். வேறு யாரும் நிற்கவில்லை. கூட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது.

நிற்க. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மனதில் ஒருவர் முகம் வந்திருக்குமே? உங்கள் மேலதிகாரியோ, அண்ணனோ, மாமனாரோ? "அச்சு அசல் அந்த ஆளேதான்!" என்று இரண்டாம் பத்தியிலேயே முடிவு கட்டியிருப்பீர்களே? தராசு தரப்பில் என்ன சொல்ல இருக்கிறது என்று ஒரு வார்த்தையாவது கேட்க வேண்டும் என்று தோன்றிற்றா? இல்லையே! ஸ்கோர் எழுதுகிறவன் ஒருவன் சொன்ன ஒருதலைப்பட்சமான கதையை வைத்துக்கொண்டு, முகம்கூடப் பார்க்காத மனிதரை முழுசாக எடை போட்டுவிட்டீர்கள். அவருக்காவது ஒரு பார்வை தேவைப்பட்டது.

எங்கள் தேர்வுக் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. உங்களைப் போன்ற ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.