முட்டை அண்ணனுக்கு எதிராக நான் எழுதிய கடிதம்

முட்டை அண்ணனைப் பற்றி எங்கள் பகுதியில் உலவும் கதைகளில் பாதி, பிறர் கூட்டிச் சொன்னவை. வளைகுடாவில் ஓட்டுநராக இருந்தபோது ஒரு ஷேக்கையே காரிலிருந்து இறக்கி நடக்க விட்டார் என்பதற்குச் சாட்சி இல்லை, அதை விட்டுவிடுகிறேன். நான் கண்டதும் கேட்டதும் என் கையால் செய்ததும் மட்டுமே இங்கே வரும். ஆயினும், தமக்குச் சம்பளம் தரும் பள்ளிக்கு எதிராக நாள்தோறும் இருவேளை பிரசாரம் செய்த வேன் ஓட்டுநர் இவ்வுலகில் அவர் ஒருவரே என்பதைச் சரிபார்க்காமலே சொல்லலாம்.

தேங்காய்ப்பட்டணத்துக்காரர். என் மகள் படிக்கும் ஆங்கிலப் பள்ளியின் வேனை ஓட்டினார். அவருடைய மகளோ அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அவ்வகுப்பின் தமிழாசிரியன் நான். என் பிள்ளையை அவர் அங்கே கொண்டுபோய் விடுவார். அவர் பிள்ளைக்கு நான் இங்கே பாடம் நடத்துவேன். இவ்வேற்பாட்டில் விந்தை ஏதும் இருப்பதாக நெடுநாள் எனக்குத் தோன்றவில்லை.

வேனில் ஏறும் ஒவ்வொரு குழந்தையிடமும் அவர் கேட்பது ஒரே கேள்வி: “மக்கா, உங்க பள்ளிக்கூடத்துல மத்தியானம் முட்டை உண்டா?” இல்லை என்று தலையசைத்தால், “பாவம். எனக்க மவளுக்கு உண்டு” என்று இரங்கிவிட்டு வண்டியை எடுப்பார். எல்.கே.ஜி. குழந்தைகள் முட்டைப் பள்ளிக்கூடம் கேட்டு வீட்டில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மருத்துவர் ஒருவர் தம் மகனுக்கு இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தனுப்பினார். வரிசையில் நின்று வாங்கிய முட்டைதான் வேண்டும் என்று பையன் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். மருத்துவரே என்னிடம் சொன்னது இது.

தேர்தலன்று எங்கள் அரசுப் பள்ளிதான் வாக்குச்சாவடி. வேன் பிள்ளைகளின் பெற்றோர் அனைவரும் வரிசையில் நின்றோம். வாசலில் நின்ற முட்டை அண்ணன், “வாங்க, வாங்க. அட்மிஷன் இன்னைக்கு ஒருநாள்தான்” என்று கைகூப்பி வரவேற்றார். பிறகு என்னருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஓட்டுன்னா டாக்டரும் மீன்காரனும் ஒரே வரிசை சாரே. பிள்ளையளுக்கு மட்டும் என்னத்துக்கு ரெண்டு வரிசை?”

நான் சிரித்து வைத்தேன்.

என் மகள் சிரிக்கும் வயதைத் தாண்டியிருந்தாள். அன்று மாலை, தன்னை ஏன் என் பள்ளியில் சேர்க்கவில்லை என்று கேட்டாள். அங்கே பாடம் அவ்வளவு நன்றாக நடத்தமாட்டார்கள் என்றேன்.

“அங்க நீங்கதானப்பா நடத்துறீங்க?”

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. சாலையில் நனைந்து நடந்த எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அவர் வேனில் ஏற்றினார். இரண்டு சீருடைகளும் மடிமேல் மடியாகக் கலந்து உட்கார்ந்தன. பெற்றோர் கூடினோம். கலந்து உட்கார்ந்ததுதான் குறை. அதை அப்படியே எழுத எல்லாருக்கும் கூசியது. ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைக் கண்டெடுத்தவன் நான். கடிதத்தை என் கையாலேயே எழுதினேன். ஒரு பிழையும் இல்லை. அவருக்கு வேலை போயிற்று.

மறுவாரம் என் பள்ளி வாசலுக்கு வந்தார்.

“கடிதத்தப் பிரின்ஸிபல் காட்டினாரு சாரே. எழுத்தப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. எனக்க மவளுக்க நோட்டுல செவப்பு மையில தெனமும் பாக்குறதுல்லா?”

கையிலிருந்த சிவப்புப் பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டேன்.

“நல்ல கடிதம். இதுபோல எழுத அவளுக்கும் சொல்லிக் குடுங்க, என்னா?”

அக்குரலில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது அவர் மீன் வண்டி ஓட்டுகிறார். என் மகள் அதே வேனில் அதே பள்ளிக்குப் போகிறாள். அதை நான் மாற்றவில்லை. மழை நாள்களில் அந்த மீன் வண்டி எங்கள் பள்ளி வாசலில் வந்து நிற்கிறது. பிள்ளைகள் ஏறி முடியும்வரை நான் குடை பிடிக்கிறேன். கடைசியாக ஏறுபவள் அவருடைய மகள். “வாறேன் சார்” என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவாள். அந்தக் கடிதத்தைப் பற்றி அவர் அவளிடம் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது.