ராஜினாமா பாயின் சட்டைப் பை

ஒரே கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்து, அந்தப் பதினோரு வருஷமும் ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ், அதாவது தைத்து வரும் பனியனில் ஓட்டை, பிசிறு பார்க்கிறவர். அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. யார் கூப்பிட்டார்கள்? வாட்ச்மேன் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'ராஜினாமா பாய்'. முதலாளிக்கு மட்டும் வெறும் பாய்.

எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே சேர்ந்தேன். படித்தது பி.ஏ. வரலாறு. இன்டர்வியூவில் முதலாளி கேட்டது இரண்டே கேள்விதான்.

"தம்பி, மெர்ச்சண்டைசிங் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"டைப்பு அடிப்பீங்களா?"

"அடிப்பனுங்க."

இரண்டாவது பதில் மட்டும் உண்மை. மெர்ச்சண்டைசர் என்றால் வெளிநாட்டுக்காரன் கேட்கும் பனியனுக்கும் நம் ஆட்கள் தைக்கும் பனியனுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஆசாமி என்பதே சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. எந்த நிமிஷம் குட்டு உடையுமோ என்ற பயத்திலேயே நாள் போகும். தினமும் காலையில், இன்றைக்காவது சைக்கிள் பஞ்சர் ஆகாதா என்று வேண்டிக்கொண்டே மிதிப்பேன். பாழாய்ப்போன டயர், ஒரு நாளும் ஆகவில்லை.

வேலை போனால் ஊருக்குத் திரும்பிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். மடத்துக்குளத்தில் எங்கப்பா, "பையன் எக்ஸ்போர்ட்டுல ஆபீசருங்க" என்று சலூனில் ஆரம்பித்து எண்ணெய் மில் வரை சொல்லி முடித்திருந்தார். இனி எந்த முகத்தோடு அந்த பஸ் ஸ்டாண்டில் போய் இறங்குவது?

சேர்ந்த முதல் வாரமே பாய் என் மேஜைக்கு வந்து குனிந்து, ரகசியக் குரலில் கேட்டார்.

"தம்பி, இங்கிலீசுல ஒரு ராஜினாமா அடிச்சுக் குடுக்கறீங்களா?"

"ஏனுங்க பாய், வேலைய உடறீங்களா?"

"ஐயோ, இல்லீங்க! சும்மா பையில கெடக்கட்டும். அவங்களா போகச் சொல்றதுக்கு முந்தி நாமளா குடுத்துப்போட்டா மரியாதைங்க பாருங்க."

அவர் எனக்குப் பதினைந்து நாள் மூத்த ஊழியர், அவ்வளவுதான். அதற்கு முன்னால் ரோட்டோரத்தில் சாக்கு விரித்து டேமேஜ் பனியன் விற்றவர். ஓட்டையை அவர் கண்டுபிடிக்கும் வேகத்தைப் பார்த்து மயங்கிய முதலாளி, கையோடு கூட்டிவந்து செக்கிங்கில் உட்கார வைத்துவிட்டார். பாய் அதை வேலை என்று நினைக்கவில்லை, கண்டம் என்றுதான் நினைத்தார். "நான் அஞ்சாப்புங்க தம்பி. என்னைக்காச்சும் ஒருத்தன் வந்து, 'பாய், நீங்க என்ன படிச்சிருக்கீங்க'ன்னு கேட்டுப்போட்டான்னா?" என்பார். கேட்கும்போதே எனக்கும் வியர்க்கும்.

முதலாளி "பாய், டீ சாப்ட்டீங்களா?" என்றால்கூட அவர் கை முதலில் சட்டைப் பைக்குத்தான் போகும். அந்தப் பயத்தில் ஒரு பீஸை மூன்று தடவை பார்ப்பார். கம்பெனியில் செய்த வேலை போதாதென்று வெளியிலும் செக்கிங்தான். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது, கிட்டே போய், "அக்குள்ள தையல் விட்டிருக்குதுங்க, இந்தப் பனியன் பாஸ் ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டேதான் தாலி கட்டினாராம்.

எங்கள் இருவர் பிழைப்பும் இப்படித்தான் ஓடியது: பையர், அதாவது பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரன், அனுப்பும் அளவுப் பட்டியலை நான் வாசிப்பேன், எனக்கு ஒன்றும் புரியாது. பாய்க்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, கேட்டால் புரிந்துகொள்வார். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஆள் தேறும்.

மூன்றாம் மாதம் கம்பெனிக்கு பேக்ஸ் மெஷின் வந்தது. முதலாளி அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார். அது ஒரு நாள் மதியம் கிர்ரென்று சத்தம் போட்டு ஒரு தாளைத் துப்பியது. பெரிய ஆர்டர் ஒன்றின் அளவுப் பட்டியல். அதற்காகத்தான் கட்டிங் டேபிளில் துணியை விரித்துவிட்டு எட்டுப் பேர் காத்திருந்தார்கள். முதலாளி சாயப்பட்டறைக்குப் போயிருந்தார்.

அந்தக் காலத்து பேக்ஸ் தாள் வழவழவென்று இருக்கும், விட்டால் சுருண்டுகொள்ளும். நூல் கோனைத் தூக்கி மேலே வைத்தேன். கோனை எடுத்ததும் மறுபடி சுருண்டது. முதலாளிக்குத் தாளில் சுருக்கம் இருந்தால் பிடிக்காது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அயர்ன் டேபிளில் பனியன்கள் நூறு நூறாகச் சுருக்கம் நீங்கிப் படுத்துக்கொண்டிருந்தன. வரலாறு படித்த மூளை வேலை செய்தது.

"மாஸ்டர், இத ஒரு இழுப்பு இழுத்துக் குடுங்க."

அயர்ன் மாஸ்டர் ஒரே இழுப்புத்தான் இழுத்தார். தாள் முனையிலிருந்து முனை வரை காக்கா மாதிரி கருத்துவிட்டது. சூடு பட்டால் அந்தத் தாள் கருகருவென்று ஆகும் என்று யாருக்குத் தெரியும்? மாஸ்டர் மனம் தளராமல், "அந்தப் பக்கம் போட்டா சரியாயிருமுங்க" என்று திருப்பிப்போட்டு இன்னொரு இழுப்பு இழுத்தார். நான் வாசித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

வெளியே முதலாளியின் கார் ஹாரன் கேட்டது. மடத்துக்குளம் பஸ் ஸ்டாண்ட் கண் முன்னால் வந்து நின்றது. முதலாளி உள்ளே வந்து தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்னங்க தம்பி?"

"பேக்ஸுங்க."

"பேக்ஸு இப்படிக் கருப்பா வருமுங்களா? ஆர்டரே இதுலதானுங்க இருக்குது. யாருங்க இந்தக் காரியத்தப் பண்ணுனது?"

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தாலும் 'ங்க' போகாது. அதுதான் இன்னும் பயம். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அப்போது செக்கிங் டேபிளிலிருந்து பாய் எழுந்து வந்தார். பையிலிருந்த கடிதத்தை எடுத்து முதலாளியிடம் நீட்டினார்.

"நாந்தானுங்க. மன்னிச்சுப்போடுங்க, நான் போயிர்றனுங்க."

முதலாளி பிரித்துப் பார்த்தார். மேலே போட்டிருந்த தேதியில் அவர் கண் நின்றது.

"ஏனுங்க பாய், மூணு மாசத்துக்கு முந்தியே வேலைய உட்டுட்டீங்களா? அப்ப இத்தனை நாளா இங்க பீஸ் பாத்தது யாருங்க?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

"போயி வேலையப் பாருங்க. தம்பி, இன்னொருக்கா அனுப்பச் சொல்லிப் பையருக்கு அடிச்சு உடுங்க."

அவ்வளவுதான். பேக்ஸ் தெளிவாக இல்லை, திரும்ப அனுப்பவும் என்று ஒரு வரி அடித்துவிட்டேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. அந்த அரை மணி நேரத்தில் எனக்குப் பத்து வயது கூடியிருந்தது. காரியத்தைச் செய்தது யார் என்று முதலாளிக்கு அன்றைக்கே தெரியும் என்று அயர்ன் மாஸ்டர் பிற்பாடு சொன்னார்.

சாயங்காலம் டீக்கடையில் பாயிடம் கேட்டேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"ஏனுங்க பாய் அப்படிச் சொன்னீங்க?"

"உங்ககிட்ட லெட்டர் இல்லீங்களே தம்பி. எங்கிட்டத்தான் ரெடியா இருந்துச்சு." அவர் கை சட்டைப் பையைத் தடவியது. "இப்ப பை காலியா இருக்குதுங்க. என்னமோ பண்ணுது. இன்னொன்னு அடிச்சுக் குடுத்துருங்க."

கம்பெனிக்குத் திரும்பிப்போய் அடித்துக் கொடுத்தேன். அது வியர்வையில் நைந்ததும் அடுத்தது, அதற்கப்புறம் இன்னொன்று. இப்படியே வருஷங்கள் ஓடின. பதினோரு வருஷமும் ராஜினாமாக் கடிதம் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, அது பொய். முதல் மூன்று மாதம் மட்டும்தான் ராஜினாமா. அதற்குப் பிறகு நான் இங்கிலீஷில் அடித்ததெல்லாம் ஒரே வாசகம்: 'ஐயா, இந்தக் கடிதத்தை நீட்டும் மனிதரை எக்காரணம் கொண்டும் அனுப்பிவிடாதீர்கள். யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இதை அடித்த என்னை அனுப்புங்கள்.'

பாய் அதை ராஜினாமா என்றே நம்பி, அடியில் தமிழில் தன் கையெழுத்தைப் போட்டு, நாலாக மடித்துப் பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, தைரியமாகப் போவார்.