மகளின் வசனத்தில் நான் சேர்த்த மரியாதை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். என் மகளை, அதாவது உங்கள் அருமை மருமகளை, நவீன மொழிகள் மற்றும் அயல்நாட்டுத் திரைப்படத் துறையிலிருந்து வணிகவியல் துறைக்கு மாற்றக் கேட்கும் படிவம். சேர்க்கையின்போது கையெழுத்துப் போட்டவரேதான் இதிலும் போட வேண்டுமாம். அன்று நான் அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, காப்பாளர் என்ற இடத்தில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். இருபது வருடம் கப்பலில் சமைத்து நாலு துறைமுகம் பார்த்தவர் என்ற தைரியத்தில், “மொழி படிச்சா எங்க போனாலும் பொழச்சுக்கலாம்மா” என்று அவள் காதில் ஓதியவரும் நீங்கள்தான். வெள்ளிக்கிழமைக்குள் படிவம் என் கைக்கு வந்தாக வேண்டும். பேனா கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள்.

இரண்டு வருடமாக இந்த வீடு வீடாக இல்லை மச்சான். காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒரு மொழியில் வினைச்சொல் ஒப்பிக்கிறாள், தலை வாரும்போது இன்னொரு மொழி. கீழ்வீட்டுத் தையல்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பாப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா சார்?” என்று விசாரித்தார். பார்க்கிற படங்களைச் சொல்லவே வேண்டாம். ஒரு படத்தில் ஒருவன் கடிதம் போடத் தபால் பெட்டி வரைக்கும் நடக்கிறான். நாற்பது நிமிடம் நடக்கிறான். “எப்பத்தான் போடுவான்?” என்று கேட்டேன். “போட மாட்டான்ப்பா, அதான் படமே” என்கிறாள். உங்கள் தங்கை இருக்கிறாளே, ஒரு வார்த்தைகூடப் புரியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். “உனக்கு என்ன புரிஞ்சுது?” என்றால், “அவன் முகத்தைப் பாருங்க, பாவம்ங்க” என்கிறாள். குக்கரில் நாலு விசில் போய், ஐந்தும் போய், அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆண்டுத் தேர்வுக்கு ஒரு வெளிநாட்டுப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுத வேண்டும், அதைத் துறையின் அரங்கில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டுவார்கள் என்றாள். மூன்று மாதம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டுக் கேட்டு எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்துக்குக் கிளம்பும்போது, “அப்பா, எழுத்துப் பிழை இருந்தா மட்டும் பாருங்க. வேற எதுலயும் கை வெக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில், புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறவன் நான். என் கையிலிருந்து மரியாதைக் குறைவாக ஒரு தாள் வெளியே போனதில்லை. இவள் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. எல்லாம் வெட்டு வெட்டாக இருக்கிறது. பதினோரு வருடம் கழித்து வீட்டுக்கு வந்த புருஷனைப் பார்த்துப் பெண்டாட்டி “போ” என்கிறாள். வெறும் “போ”! ஒரு மருத்துவர் நோயாளியின் மகனிடமே, “உன் அப்பா பிழைக்க மாட்டார்” என்கிறார். படிக்கிறவர்கள் யாரைத் திட்டுவார்கள்? எழுதினவளை வளர்த்தவனைத்தானே? படத்தை நான் போட்டுப் பார்க்கவில்லை, அதை வேண்டுமானால் தப்பு என்று சொல்லுங்கள். எழுத்தை மட்டும் பார்த்து, ஆங்காங்கே கொஞ்சம் பதமாக மாற்றினேன். ஆங்காங்கே என்றால் நூற்றுப் பதினெட்டு இடத்தில். அவளிடம் சொல்லவில்லை, திரையில் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா பிழை பார்த்துவிட்டார் என்று நம்பி அவளும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அரங்கில் நானும் உங்கள் தங்கையும் மூன்றாவது வரிசை, மகள் முதல் வரிசை ஓரத்தில். படத்தில் மருத்துவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றுகிறார். கீழே, “தங்கள் தகப்பனாரின் உடல்நிலை பரிசீலனையில் உள்ளது” என்று வந்தது. மகன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கதறுகிறான். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அப்புறம் அந்தப் புருஷன் வந்து கதவைத் தட்டுகிறான், அவள் திறக்கிறாள், “வாங்க, பயணமெல்லாம் சௌகரியமா? சாப்பிட்டீங்களா?” என்று எழுத்து ஓடுகிறது, அவள் கதவை அவன் மூக்கில் அறைந்து சாத்துகிறாள். அவன் ஒரு கல்லை எடுத்து ஜன்னலில் எறிகிறான். “தங்கள் அன்புக்கு நன்றி, விரைவில் சந்திப்போம்” என்கிறது கீழே. அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கிறது மச்சான்! அந்த நாட்டிலிருந்து வந்திருந்த ஆசிரியர் ஒருவர், தமிழ் தெரியாதவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், இந்த ஊரில் சாவு விழுந்தால் சிரிப்பார்களோ என்று. உங்கள் தங்கை என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

விளக்கைப் போட்டார்கள். துறைத்தலைவி எழுந்து, “யார் எழுதினது இது?” என்று கேட்டார். என் மகள் எழுந்து நின்றாள். “நான்தான் மேடம்” என்றாள். அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? “பரிசீலனையில் உள்ளது” என்று எங்கள் வீட்டில் வேறு யார் எழுதுவார்கள்? ஆனால் என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான் எழுந்திருக்கத்தான் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை.

பத்து நாளில் ஒழுங்காக எழுதித் தராவிட்டால் மூன்றாம் ஆண்டுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நாலு நாள் போய்விட்டது. அவள் கணினியைத் திறக்கவே இல்லை. “இனிமே எனக்கு எழுத வராதுப்பா” என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள், போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை. அவள் அப்படிப் படுத்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை மச்சான்.

ஆகவே, குற்றம் முழுவதும் அந்தத் துறையுடையது, அந்தப் படத்துடையது, முதலில் கையெழுத்துப் போட்ட உங்களுடையது. வணிகவியலில் யாரும் யார் மூக்கிலும் கதவைச் சாத்துவதில்லை. உடனடியாகக் கையெழுத்திட்டு அனுப்பவும்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் பல்லாண்டு வாழ என் ஆசிகள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தாலும் உங்கள் முழங்கால் மேல் எதுவும் இல்லை, எண்ணெய் தடவுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் மருமகள் இந்தக் கடிதத்தை எடுத்துவிட்டாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். நடுவில் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பதறிப்போனேன், பார்த்தால் சிரிக்கிறாள். நாலு நாளுக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள். “மாமாவுக்கு இவ்ளோ எதுக்குப்பா? சப்டைட்டில்னா ரெண்டு வரிக்குத்தான் இடம்” என்று என் பேனாவை வாங்கி, ஒரு தாளில் எழுதி நீட்டினாள்:

தப்பு என்னுடையது.
அவள் அங்கேயே படிக்கட்டும்.

“இதானே சொல்ல வர்றீங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். படிவத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். அவள் இப்போது கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், நாளைக் காலை நான் துறைத்தலைவியைப் பார்த்து அந்த நூற்றுப் பதினெட்டும் என் வேலைதான் என்று சொல்லிவிட்டு வருகிறேன். மேலே உள்ள இரண்டு வரியில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை, பார்த்துவிட்டேன். ஆரம்பத்தில் “மதிப்பிற்குரிய மச்சான்” என்று மட்டும் நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.