ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த பத்தொன்பது கொசுப்புழுக்கள்

மகெலாங்,
புதன்கிழமை, காலை மணி எட்டே முக்கால்

அன்பும் அறிவும் நிறைந்த மகள் கினாசிக்கு,

அப்பா வகிமான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் கூண்டுப் புறாவும் நலம். அங்கே யோக்யாவில் நீயும், உன் ஆராய்ச்சிக்கூடத்து நண்பர்களும், நீங்கள் வளர்க்கும் லட்சோப லட்சம் கொசுக்களும் நலமாக இருக்க இறைவனை வேண்டிக்கொள்கிறேன். நேற்று நீ போன் செய்தபோது பாதியில் கரகரவென்று இரைந்து, "அப்பா, அங்க மழையா? ஒண்ணுமே கேக்கல" என்றாயே, அது மழை இல்லை. குருபுக் அப்பளப் பொட்டலத்தை போனின் வாய்க்குப் பக்கத்தில் வைத்து நான்தான் கசக்கினேன். இந்த அறுபத்திரண்டு வயதில், பெற்ற மகளிடமிருந்தே தப்பிக்க அப்பளம் நொறுக்கியவன் இந்த ஜாவாத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசி முடிச்சாச்சா? சரி, அந்தத் தூளை இனி யாரு திம்பா?" என்று மட்டும் கேட்டாள். நான்தான் தின்றேன்.

மறுபடி போன் செய்து சொல்லிவிடலாம் என்று மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் நீ ஒலிபெருக்கியில் போட்டுவிட்டாய். உன் கூட்டாளிகள் எல்லாரும் கோரஸாக "வணக்கம் அங்கிள்! எங்களோட நட்சத்திர வீடே உங்க வீடுதான் அங்கிள்!" என்று கத்தினால் நான் என்ன சொல்ல முடியும்? "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஒரே மாலையில் நான் மூன்று முறை சாப்பிட்டாயா என்று கேட்டபோதே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதனால் இதை எழுதி, உனக்குப் பிடித்த தெம்பே சோயா வறுவல் பொட்டலத்தோடு பதினொரு மணி வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தெம்பேயை அப்புறம் சாப்பிடலாம். முதலில் கடிதம்.

விஷயம் இதுதான். நாளை வியாழக்கிழமை வெளிநாட்டுப் பேராசிரியர்கள் முன்னால் நம் தெருவைப் பற்றி நீ பேசாதே. கொசுவின் உடம்புக்குள் நீங்கள் குடிவைத்த அந்த நுண்ணுயிர் நம் தெருவில் மட்டும் மாயமாக மறைந்துபோகிறது, உலகத்தில் எங்கும் காணாத புதிர் இது என்று மேடையேறிச் சொல்லிவிடாதே. அது எங்கும் மறைந்துபோகவில்லை, கண்ணு. உன் அப்பா நான்தான் அதைச் சாக்கடையில் கொட்டினேன்.

உட்கார். தண்ணீர் குடி. நானும் குடித்துவிட்டு வருகிறேன்.

மணி ஒன்பது பத்து. தண்ணீர் குடிக்கப் போனவன் அப்படியே வேன் நிற்கும் இடம்வரை போய், வேன் இன்னும் வரவில்லை என்று பார்த்துவிட்டு வந்தேன். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உனக்கு ஏழு வயதில் டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். தினம் காலையில் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுவார்கள், தினம் அது இறங்கும். வீட்டுக்கு வந்த மறுநாளே நான் டார்ச் லைட் ஒன்று வாங்கிக்கொண்டு போய், தெருவின் கொசுப்புழுப் பரிசோதகன் வேலையை நானே கேட்டு வாங்கினேன். பஸ் நிலையத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவனுக்கு அதிகாரம் என்று ஒன்று கிடைத்ததே அப்போதுதான். பதினெட்டு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு வீடாகப் போய்க் குளியல் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, புறாக் கிண்ணம் எல்லாவற்றிலும் டார்ச் அடிப்பேன். புழு நெளிந்தால் முதலில் கை போய்க் கவிழ்த்துவிடும், அப்புறம்தான் வாய் திட்டும். முஜியோனோ வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை கால் கழுவ வைத்திருந்த பூத்தண்ணீரைக்கூடக் கவிழ்த்தவன் நான். அதில் நெளிந்தது மல்லிகைக் காம்பு என்று அப்புறம்தான் தெரிந்தது.

இப்படிப்பட்டவன் வீட்டுச் சுவரில்தான் நீ அந்த நுண்ணுயிர்க் கொசுவின் முட்டை போட்ட வாளியைத் தொங்கவிட்டாய். நீ தெருக் கூட்டத்தில் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது, புரியவும் செய்தது. இந்த நுண்ணுயிர் உள்ளே இருக்கும் கொசு மனிதனைக் கடித்தாலும் டெங்கு பரவுவது அரிதாம். இந்தக் கொசு ஊர்க்கொசுவோடு சேர்ந்து பெருகப் பெருகக் காய்ச்சல் குறையுமாம். "அது எப்படிம்மா காய்ச்சல் கிருமியத் தடுக்குது?" என்று சுலாஸ்த்ரி அக்கா கேட்டதற்கு நீ சிரித்துக்கொண்டே, "முழுசா யாருக்கும் தெரியாது அத்தை. கிருமிக்கு வேண்டிய தீனிய இது தின்னுடுதுன்னு சிலர் சொல்றாங்க, கொசு உடம்போட காவல உசுப்பி விடுதுன்னு சிலர் சொல்றாங்க. தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாய். எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் பஸ் நிலையத்தில் ஒருவன் தெரியாது என்று சொன்னால் அவனை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். இவள் மைக்கில் சொல்கிறாள், சனம் கை தட்டுகிறது! கூட்டம் முடிந்து எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். "வகிமான் அண்ணே வாளி வாங்குனா நாங்களும் வாங்குறோம்" என்றாள் சுலாஸ்த்ரி அக்கா. நான் வாங்கினேன். ஆறு வீட்டில் வாளி தொங்கியது.

முதல் வெள்ளிக்கிழமையே காரியம் நடந்துவிட்டது. டார்ச் அடித்தேன். உள்ளே ஐம்பது அறுபது புழு நெளிந்தது. அடுத்து எனக்கு நினைவு வரும்போது வாளி காலி, செருப்பு ஈரம். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை, கினாசி. முதுகு அரித்தால் சொறிகிற மாதிரி, அவ்வளவுதான். பதறிப்போய்க் குழாய்த் தண்ணீரை நிரப்பி மூடியைப் போட்டு வைத்தேன். இரண்டு வாரம் கழித்து உன் ஆட்கள் வந்தார்கள், மூடியைத் திறந்தார்கள், தண்ணீர் தெளிவாக இருந்தது. "பிரமாதம் அங்கிள், ஒண்ணு பாக்கியில்லாம எல்லாம் பறந்துடுச்சு!" என்று என் கையைக் குலுக்கினார்கள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் பராமரிப்புதான் தம்பி" என்றேன். அதற்கப்புறம் அவர்கள் புது முட்டை போட்டுவிட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும் இந்த வெள்ளி கவிழ்க்கக்கூடாது என்று சங்கல்பம் செய்வேன், ஒவ்வொரு தடவையும் செருப்பு ஈரம். நான்காம் மாதம் சிறந்த வாளிக் குடும்பம் என்று சான்றிதழ் கொடுத்தீர்கள். அம்மா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் சாப்பிடப் பழகிவிட்டேன்.

மணி ஒன்பதரை. எழுந்து அந்தச் சான்றிதழைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டு வந்தேன். அம்மா திரும்ப நேராக்கிவிட்டாள்.

இதெல்லாம் பழைய பாவம். இனிதான் பெரிய பாவம். மற்ற தெருவில் பத்துக் கொசு பிடித்தால் ஒன்பதில் அந்த நுண்ணுயிர் இருக்கிறது, நம் தெருவில் நாலுதான் என்று போன வாரம் சொன்னாய். வெயிலாலா, மருந்துப் புகையாலா என்று குழம்பினாய். சனிக்கிழமை உன் ஆட்கள் வந்து வாளியில் புழு இருக்கும்போதே ஐந்தை எடுத்துப்போய்ச் சோதிப்பார்கள் என்றாய். அதை நீ சொன்னது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. நான் வாளியைக் கவிழ்த்தது எட்டு மணிக்கு.

மறுநாளுக்குள் புழு வேண்டும். எங்கே போவேன்? ஒரு சம்பல் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு, பதினெட்டு வருஷம் புழுவுக்காகத் திட்டிய அதே வீடுகளில் புழுவுக்காகக் கையேந்தினேன். சுலாஸ்த்ரி அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அக்கா, வீட்டுல கொசுப்புழு ஏதாச்சும் இருக்கா?"

"அய்யோ, இல்லவே இல்லண்ணே! வேணும்னா உள்ள வந்து பாருங்க."

"இருந்தா நல்லாருக்கும்னுதான் கேக்குறேன். ஒரு பத்து போதும்."

"என்னண்ணே இது, புது மாதிரி பிடிக்கிறீங்க? நான் ஏமாறமாட்டேன்."

தெருத்தலைவர் முஜியோனோ இன்னும் மோசம். "ஏப்பா, கல்யாணத்துல பூத்தண்ணியக் கொட்டின. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இப்ப எதுக்கு என்னைய ஆழம் பாக்குற?" என்றார். பள்ளிவாசல் தொட்டியில் பார்த்தேன், புழு திங்கிற மீன் விட்டிருக்கிறார்கள். விடச் சொன்னதே நான்தான். தெரு முழுக்க ஒரு புழு கிடையாது. அவ்வளவு நன்றாக வேலை பார்த்திருக்கிறேன்! பெருமைப்படவா, அழவா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்து, "ஊரெல்லாம் தேடுனீங்களே, நம்ம வீட்டுல பாத்தீங்களா?" என்றாள். "நம்ம வீட்டுலயா? பரிசோதகன் வீட்டுலயா?" என்று கோபமாகவே கேட்டேன். அவள் போய் ஃப்ரிட்ஜை நகர்த்தினாள். பின்னால், ஒழுகுநீர் சேரும் தட்டில், பத்தொன்பது. கொழுகொழுவென்று. பதினெட்டு வருஷத்தில் நான் டார்ச் அடிக்காத ஒரே இடம்.

அந்தப் பத்தொன்பதைக் கரண்டியால் அள்ளி வாளியில் விட்டேன். அதில்தான் ஐந்தை உன் ஆட்கள் எடுத்துப்போனார்கள். அதில்தான் நுண்ணுயிர் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? அவை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பிறந்த நாட்டுப் புழுக்கள். நேற்று நீ மூச்சு வாங்க, "அப்பா, நம்ம தெருல அது தலைமுறை மாறுறப்பவே அழிஞ்சுபோகுதுப்பா! இது பெரிய விஷயம்ப்பா, வியாழக்கிழமை நான்தான் பேசப்போறேன்!" என்றபோது உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டேன். அப்போதுதான் அப்பளப் பொட்டலத்தைத் தேடினேன்.

மேடையில் நீ பேசிய பிறகு உண்மை வெளிவந்தால் உன் படிப்பு, உன் பெயர் எல்லாம் என் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்விடும். உங்கள் பெரிய பேராசிரியரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. பொய் சொன்னவன், கவிழ்த்தவன், புழு மாற்றியவன் எல்லாம் ஒரே ஆள், அவன் பெயர் வகிமான், அவன் ஒருவன்தான், தெருவில் வேறு யார் மீதும் குற்றம் இல்லை என்று சொல். சான்றிதழையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணுக்கு ஓய்வு கொடு. உன் அறிவு பெருகவும், உனக்குக் கிடைக்கும் விடைகள் எல்லாம் என் போன்ற ஆட்கள் கை படாதவையாக இருக்கவும் இறைவன் அருளட்டும். அம்மாவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
அப்பா

பின்குறிப்பு: மணி பத்தரை. மேலே அவன் ஒருவன்தான் என்று எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடு. காய்கறி வாங்கப் போன அம்மா வழியில் எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இப்போது வாசலில் தெருவே நிற்கிறது. முஜியோனோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "வகிமான், நானும் கவிழ்த்துட்டேன்ப்பா. எல்லா வெள்ளிக்கிழமையும். நீ மட்டும் ஒழுங்கா வளக்குறன்னு நெனச்சு வெக்கத்துல வெளிய சொல்லல" என்றார். சுலாஸ்த்ரி அக்கா, "நீங்க டார்ச்ச வச்சுக்கிட்டு சந்து திரும்புறப்பவே என் கை தானா கவிழ்த்துடும்ணே. எத்தனை வருஷத்துப் பயம்!" என்றாள். ஆறு வாளியும் அப்படியே. இப்போது யோசித்தால், பக்கத்துத் தெருவிலிருந்து பறந்து வந்த கொசுதான் உனக்கு அந்த நாலாகக் கிடைத்திருக்கிறது. "கினாசிகிட்ட எழுதுங்கண்ணே, நுண்ணுயிர்ல ஒரு கோளாறும் இல்ல, எங்க கைலதான் கோளாறுன்னு. வேணும்னா எங்க கைய ஆராய்ச்சி பண்ணட்டும்" என்று அக்கா சொல்ல, எல்லாரும் சிரிக்கிறார்கள். சான்றிதழை அனுப்பவில்லை. அம்மா தரமாட்டேன் என்கிறாள்.

சிரித்து முடித்ததும் அக்கா என்னைக் கேட்டாள்: "நாங்க உங்களுக்குப் பயந்து கவிழ்த்தோம். அது உங்க மகளே வளத்த கொசு, நல்ல கொசுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க யாருக்குப் பயந்து கவிழ்த்தீங்க?"

பழக்கம் என்றேன். அது முழு உண்மை இல்லை.

போன மாதம் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பெற்றோரை அழைத்திருந்தீர்கள். நீ முழங்கை வரை கையை வலைக்கூண்டுக்குள் விட்டாய், நூறு இருநூறு கொசு வந்து மொய்த்தது. "இதுக்கு ரத்தம் குடிச்சாதாம்ப்பா முட்டை வைக்க முடியும். இதுங்ககிட்ட காய்ச்சல் கெடையாது" என்று சிரித்தாய். பத்து நிமிஷம். ஒரு தடவை டெங்கு வந்த உடம்புக்கு அடுத்த தடவை வந்தால் இன்னும் மோசம் என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பக்கத்தில் நின்ற மற்ற அப்பாக்களிடம், "என் பொண்ணு தைரியத்தப் பாத்தீங்களா!" என்றேன். படம் எடுத்தேன். கை தட்டினேன். சொல்லாதது ஒன்றுதான்.

கையை வெளிய எடு, கண்ணு.